கறியும் மணிலாக் கொட்டையும்



வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருபவை அரசர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளுந்தாம். கல்வெட்டும் செப்பேடும் கோட்டையும் கோயிலும் வரலாற்றுச் சான்றுகள் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். அது சரியே. ஆனால் கல்லில் எழுதப்படாத வரலாறு ஒன்றும் உண்டு. அது எளிய மக்களின் வாயிலும் வயிற்றிலும் வாழ்ந்து வருகிறது. அவர்கள் உண்ட உணவும் அந்த உணவுக்கு அவர்கள் இட்ட பெயரும் எத்தனையோ செய்திகளைச் சொல்லும். கேட்பதற்கு நமக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இன்றைய பேச்சில் அத்தகைய சான்று ஒன்றைப் பற்றி உங்களோடு சிறிது நேரம் உரையாட விரும்புகிறோம். அந்தச் சான்று கோலாலம்பூரில் உள்ள ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடை. அதை நடத்துவோர் நம்மவர் அல்லர், பிலிப்பைன்ஸ் நாட்டவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானுக்கு அடுத்த தோட்டப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர்கள் மூவர் புத்தகம் வாங்குவதற்காகக் கோலாலம்பூருக்குப் புறப்பட்டோம். கிள்ளானில் இரயில் ஏறினோம். இந்த இரயில் பாதையே ஒரு வரலாற்றுப் பாடம். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றின் அக்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இது 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆற்றுக்குப் பாலம் அமைந்த பின்னர் 1890-இல் கிள்ளான் நகரை எட்டியது. 1901-இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றும் 1972 முதல் போர்ட் கிள்ளான் என்றும் அழைக்கப்படும் துறைமுகம் அதுவே. அங்கே கப்பலை விட்டிறங்கிய நம் முன்னோர் பலர் இந்தப் பாதை வழியேதான் உள்நாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றார்கள்.

வழியில் பிரிக்பீல்ட்ஸ் வந்தது. 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீ ஒரு முறையும் வெள்ளம் ஒரு முறையும் அழித்தன. ஓலையும் பலகையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று அரசாங்கம் பின்னர் ஆணையிட்டது. அதற்கான செங்கற் சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னாளில் அது இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அலுவலர்களும் அங்கே வாழ்ந்தார்கள்.

அந்நாளில் வந்தவர்களுள் பெரும்பாலோர் தனி ஆண்கள் என்பதை நேயர்கள் அறிவீர்கள். தாயோ மனைவியோ உடனில்லாத ஒருவனுக்கு முதல் கவலை சோறு. அந்தக் கவலையைத் தீர்க்கவே பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர்களின் சாப்பாட்டுக் கடைகளும், மெஸ் என்று சொல்லப்பட்ட உணவு விடுதிகளும், சாலையோர ஒட்டுக்கடைகளும் தோன்றின. இன்று பலவகை மக்களும் விரும்பி வந்து உண்ணும் வாழையிலைச் சாப்பாடு ஊரைவிட்டு வந்தவனின் பசியிலிருந்து பிறந்தது. அந்தக் கடையில் அவன் சோறு மட்டும் உண்ணவில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். வேலை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தான். மணியார்டர் அனுப்ப வழி கேட்டான். தன் மொழியை உரத்த குரலில் பேசினான்.

நம் முன்னோர் இந்த நாட்டிற்குக் கடைகளை மட்டும் தரவில்லை, அந்தச் சொல்லையும் தந்தார்கள். மலாய் மொழியில் கடைக்குக் ‘கெடாய்’ என்று பெயர். நாள்தோறும் பெயர்ப் பலகைகளில் காண்கிறோம். அது நம் ‘கடை’ என்னும் சொல்லே.

பசார் செனியில் வாங்க வேண்டிய புத்தகங்களை வாங்கி முடித்தபோது நண்பகல் ஆகிவிட்டது. பெட்டாலிங் தெருவுக்கு அருகிலுள்ள கோத்தாராயா வளாகத்தின் பக்கம் நடந்தோம். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் பெருந்திரளாகக் கூடுவார்கள். அவர்களுள் பெண்களே மிகுதி. பலர் வீட்டுப் பணிப்பெண்கள். சிலர் புக்கிட் நானாசிலுள்ள புனித ஜான் தேவாலயத்தில் வழிபாடு முடித்துவிட்டு வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள், தொலைபேசி அட்டை விற்கும் கடைகள், அவர்கள் நாட்டு மளிகைப் பொருள் விற்கும் கடைகள், இவற்றினிடையே சிறு சாப்பாட்டுக் கடைகள் என அந்த இடம் கலகலப்பாக இருந்தது.

எங்களுடன் வந்த மூத்த ஆசிரியர் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, “எங்கே பார்த்தாலும் அந்நியக் கூட்டம். இனி நமக்கு உட்கார இடம் கிடைக்காது போலிருக்கிறதே!” என்றார். அவர் கெட்ட எண்ணத்துடன் சொல்லவில்லை. வெயிலில் நடந்த களைப்பில் சொன்னார். ஆயினும் அச்சொல் எங்கள் மனத்தில் தங்கிவிட்டது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் பாட்டன்மார் கூட்டமாக உட்கார்ந்திருந்தபோது, வழியே போன யாரோ ஒருவர் அவர்களைப் பார்த்தும் இப்படித்தானே சொல்லியிருப்பார்?

பசி மிகுந்திருந்தது. எதிரே இருந்த கடைக்குள் நுழைந்தோம். நீண்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்புறம் வரிசையாகச் சட்டிகள். பெயர்ப் பட்டியல் ஏதும் இல்லை. வேண்டியதைச் சுட்டிக் காட்டினால் சோற்றுடன் தட்டில் எடுத்து வைப்பார்கள். இத்தகைய கடையை அவர்கள் ‘தூரோ தூரோ’ என்கிறார்கள். ‘தூரோ’ என்றால் சுட்டிக் காட்டுதல் என்பது பொருள். கடைக்காரப் பெண்மணி மலாயில் பேசினார். நாங்கள் ஆசிரியர்கள் என்று அறிந்ததும், “அப்படியானால் கேளுங்கள் சிக்கு, எங்கள் மொழியில் பாடம் கற்பிப்பதற்கும் அதே சொல்தான்” என்றார். சுட்டிக் காட்டுதலும் கற்பித்தலும் ஒரே சொல்! மேலும், ஆசிரியருக்கு அவர்கள் மொழியில் ‘குரோ’ என்று பெயராம். நம் ‘குரு’ அங்கேயும் சென்றிருக்கிறார். மலாய் மொழியில் ஆசிரியரை அழைக்கும் ‘சிக்கு’ என்னும் சொல்லின் கடைசி எழுத்திலும் அதே குரு ஒளிந்திருக்கிறார்.

முதல் சட்டியில் இருந்தது ‘சினிகாங்’. புளியும் காய்கறியும் மீனும் இட்டுக் கொதிக்க வைத்த சாறு. ஒரு வாய் பருகியதும், “இது நம் வீட்டுப் புளி இரசத்துக்குத் தூரத்து உறவு!” என்றார் மூத்த ஆசிரியர். அடுத்தது ‘தினோலா’. இஞ்சி தட்டிப் போட்ட கோழிச் சாறு. அதில் மிதந்த கீரையைப் பார்த்ததும் எங்களால் நம்ப முடியவில்லை. முருங்கைக் கீரை! பெயரைக் கேட்டோம். ‘மலுங்கை’ என்றார் அந்த அம்மையார். முருங்கை, மலுங்கை. நேயர்களே, இரண்டையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மலாயில் இதற்கு ‘மெருங்கை’ என்றொரு பெயர் உண்டு. இவை யாவும் நம் முருங்கையிலிருந்து கிளைத்தவை என்பது மொழி ஆராய்ச்சியாளர் கருத்து. அறிவியலார் இம்மரத்துக்கு இட்ட ‘மொரிங்கா’ என்னும் பெயரும் தமிழ் வேரிலிருந்து வந்ததே. தோட்டத்து லயத்தின் பின்புறம் நம் பாட்டிமார் நட்டுவைத்த முருங்கைக் கொம்பு மணிலா வரை நிழல் தருகிறது.

மூன்றாவது சட்டியில் செம்மஞ்சள் நிறத்தில் கெட்டியான குழம்பு ஒன்று இருந்தது. அதன் பெயர் ‘கரே கரே’. அது மாட்டு வாலிட்டுச் சமைத்தது என்று அவரே முன்வந்து சொல்லிவிட்டார். எங்களில் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் இருப்பதை எண்ணி, நாங்கள் கேட்கும் முன்பே சொன்ன அந்தப் பண்பைப் பாராட்ட வேண்டும். ஆகவே நாங்கள் அதை உண்ணவில்லை. செய்முறையை மட்டும் கேட்டறிந்தோம். வறுத்து அரைத்த நிலக்கடலை அதற்குக் கெட்டித்தன்மை தருகிறது. ‘அச்சுவேத்தே’ என்னும் விதை நிறம் தருகிறது. மிளகாய்க் காரம் கிடையாது. தொட்டுக்கொள்ளப் ‘பகோங்’ என்னும் புளித்த இறால் கூழ் தருகிறார்கள். நம் நாட்டுச் சிஞ்சாலோக்கை உண்டவர்கள் அதன் மணத்தை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

‘கரே’ என்னும் பெயர் எங்களை விடவில்லை. இத்தகைய எளிய சாப்பாட்டுக் கடைக்கு அந்நாட்டில் ‘கரிந்தேரியா’ என்றும் பெயர் உண்டு. ‘கறி’ என்னும் சொல்லோடு இடத்தைக் குறிக்கும் ஸ்பானிய விகுதி சேர்ந்து இச்சொல் உண்டாயிற்று என்று விளக்குகிறார்கள். ஆக, அவர்கள் ஊரில் சாப்பாட்டுக் கடை என்பதே ‘கறிக் கடை’. நம் சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்றால் மிளகு என்பது பொருள். பிற்காலத்தில் காய்கறிக்கும் இறைச்சிக்கும் அவற்றைக் கொண்டு சமைத்த பதார்த்தத்துக்கும் அச்சொல் வழங்கலாயிற்று. அந்தச் சொல் கடல் கடந்து மணிலாவுக்குச் சென்றது எப்படி?

இங்கேதான் ஒரு போர் குறுக்கிடுகிறது. 1756 முதல் 1763 வரை ஐரோப்பிய வல்லரசுகள் ஏழாண்டுப் போரில் ஈடுபட்டிருந்தன. 1762-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்பெயினும் இங்கிலாந்துக்கு எதிராகப் போரில் இறங்கியது. அப்போது பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. மணிலாவைக் கைப்பற்ற ஆங்கிலேயர் அனுப்பிய படை எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா? நம் சென்னைப் பட்டணத்திலிருந்துதான். தளபதி வில்லியம் டிரேப்பரும் கடற்படைத் தலைவர் சாமுவேல் கார்னிஷும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். ஆங்கிலப் படைவீரர்களோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் ஏறத்தாழ 600 பேரும் சென்றார்கள். கப்பல்களிலும் பாசறையிலும் சுமை தூக்கவும் எடுபிடி வேலை செய்யவும் சென்ற இந்தியர்கள் வேறு. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்த மக்கள் அவர்கள்.

அக்கப்பல்கள் நம் நாட்டுக் கடல் வழியேதான் சென்றன. டச்சுக்காரர் வசமிருந்த மலாக்காவில் குடிநீர் ஏற்றிக்கொண்டன. மலாக்கா நீரிணையில் வந்த அந்தச் சிப்பாய்கள் இந்தக் கரையைக் கடந்தபோது இங்கே இரயிலும் இல்லை, இரப்பரும் இல்லை. நம்மவர்கள் கூட்டங்கூட்டமாக இங்கு வந்து சேர்வதற்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. செப்டம்பர் மாத இறுதியில் மணிலாக் குடாவை அடைந்த படை 1762 அக்டோபர் 6-இல் நகரைக் கைப்பற்றியது. நகரின் ஆட்சி சென்னைக் கம்பெனி அலுவலரான டாசன் டிரேக் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1763-இல் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. செய்தி மெதுவாகவே வந்து சேர்ந்ததால், 1764-இல்தான் ஆங்கிலேயர் மணிலாவை விட்டு வெளியேறினார்கள்.

படை திரும்பியபோது சிப்பாய்கள் எல்லாரும் கப்பலேறவில்லை. சிலர் மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள காயிந்தா என்னும் ஊரில் தங்கிவிட்டார்கள். அவ்வூர்ப் பெண்களை மணந்து அந்த மண்ணிலேயே கலந்துவிட்டார்கள். தங்களை அவர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்வோர் அங்கே உண்டு. ஊர் நினைவால் ஏங்கிய அந்தச் சிப்பாய்கள் கிடைத்த பொருளைக் கொண்டு கறி சமைத்தார்கள். மிளகும் மல்லியும் கிடைக்காத இடத்தில் கிடைத்ததைப் போட்டார்கள். அதுவே கரே கரே ஆயிற்று என்பது அங்கே வழங்கும் கதை.

அழகான கதைதான். ஆயினும் வரலாறு கற்பிக்கும் நாம் கதையையும் சான்றையும் பிரித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். சிப்பாய்கள் சென்றதற்கும் சிலர் தங்கியதற்கும் வரலாற்றில் இடம் உண்டு. கரே கரேயை அவர்கள்தாம் முதலில் சமைத்தார்கள் என்பதோ செவிவழிச் செய்தி. பம்பாங்கா மாநிலத்தார் அது தங்கள் ஊர்ப் பண்டம் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். மேலும், சிப்பாய்களுக்கு முன்பே மலாய் வணிகர்களின் வாய்மொழியாகக் கறி என்னும் சொல் அங்கு சென்றிருக்கலாம். மாங்காய் என்னும் நம் சொல் மலாயிலும் அவர்கள் மொழியிலும் ‘மங்கா’ என்று வழங்குகிறது. நம் புட்டு மலாயில் ‘புத்து’ ஆகி, அங்கே ‘பூத்தோ’ ஆகியிருக்கிறது. இவையெல்லாம் படையெடுப்பால் சென்ற சொற்கள் அல்ல. படகும் வணிகமும் கொண்டுசென்ற சொற்கள்.

அந்த வணிகத்துக்கும் சான்று உண்டு. மணிலாத் துறைமுகத்தில் ஆங்கிலக் கப்பல்கள் நுழைய ஸ்பானியர் தடை விதித்திருந்தார்கள். ஆகவே சென்னை வணிகர்கள் ஆர்மீனியர்களின் பெயரால் கப்பல் விட்டுச் சோழமண்டலக் கரையின் துணிகளை அங்கே விற்றார்கள். மணிலா வாணிகத்தில் பொருளீட்டிச் சென்னையில் வாழ்ந்த ஆர்மீனியர் ஒருவரின் பெயர் பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் தம் சொந்தச் செலவில் பாலம் கட்டித் தந்தவர் அவர். மணிலாவில் ஈட்டிய பணம் நம் மக்கள் ஆற்றைக் கடக்க உதவியது.

நாம் கொடுத்ததை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது நேர்மையாகாது. நாம் பெற்றதையும் சொல்ல வேண்டும். கரே கரேயைக் கெட்டியாக்கும் நிலக்கடலையும் நிறமூட்டும் அச்சுவேத்தே விதையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்த வழியே பல பயிர்கள் ஆசியாவுக்கு வந்தன.

இப்போது நம் பாட்டியை நினைத்துக்கொள்வோம். எங்கள் பாட்டியார் தென்னார்க்காட்டிலிருந்து இளம்பெண்ணாக இங்கு வந்தவர். நிலக்கடலையை அவர் ஒருநாளும் நிலக்கடலை என்று சொன்னதில்லை. ‘மல்லாக்கொட்டை’ என்பார். தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் அதைக் கேட்டுச் சிரிப்போம். பாட்டிக்குப் பேசத் தெரியவில்லை என்று எண்ணிக்கொள்வோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அதன் பொருள் தெரிந்தது. மல்லாக்கொட்டை என்பது ‘மணிலாக் கொட்டை’ என்பதன் பேச்சு வழக்கு. தென்னார்க்காட்டு மக்கள் அந்தக் கடலைக்கு மணிலாவின் பெயரை இட்டிருந்தார்கள். அந்தப் பயிர் பின்னர் அவ்வட்டாரத்தின் செல்வமாகவே வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. நம் நாட்டில் கச்சாங் பூத்தே விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தமிழ்க் குடும்பங்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். அவர்கள் காகிதச் சுருளிலும் மணிலாக் கொட்டை இருந்தது.

ஆகவே, அந்தச் சட்டியில் இருந்தது என்ன? நம் சொல், மெக்சிகோவின் கடலை, மணிலாவின் கைப்பக்குவம். பாட்டியார் வாயில் மணிலா இருந்தது. மணிலாக்காரர் வாயில் கறி இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

பிலிப்பைன்ஸ் மக்கள் கோலாலம்பூருக்கு நேற்று வந்தவர்களும் அல்லர். நம்மவர்கள் இரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த 1890-களிலேயே சிலாங்கூர் அரசாங்கத்தின் வாத்தியக் குழுவில் வாசிக்க மணிலாவிலிருந்து இசைக்கலைஞர்கள் வந்தார்கள். அவர்களைப் போல வந்த இசைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்தாம் அல்போன்சோ சொலியானோ. நம் வானொலியின் இசைக்குழு 1961-இல் உருவாவதற்கு உழைத்தவர்களுள் அவர் முக்கியமானவர். வானொலி கேட்டு வளர்ந்த நாம் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள்.

பிற்காலத்தில் வந்தவர்கள் வேறொரு காரணத்தால் வந்தார்கள். 1974-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் அரசாங்கம் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து, வெளிநாட்டு வேலைக்கு மக்களை அனுப்புவதை முறைப்படுத்தியது. அதன் பின்னர் இலட்சக்கணக்கானோர் உலகெங்கும் சென்றார்கள். மலேசியாவுக்கும் வந்தார்கள். எங்கள் மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி அவர்களுள் ஒருவர். தம் மகளைத் தாயாரிடம் விட்டுவிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தாராம். மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் இங்கே வந்து உண்கிறார். “வாரம் ஆறு நாள் மற்றவர் வீட்டுச் சமையல் செய்கிறேன். இந்த ஒருநாள்தான் எனக்குப் பிறர் சமைத்துப் போடுகிறார்கள்” என்றார்.

அதைக் கேட்டு எங்கள் மூத்த ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “என் பாட்டனார் எட்டாண்டுகள் தனி ஆளாகத்தான் இருந்தார். சம்பள நாளன்று கிள்ளானுக்கு நடந்தே போய் ஒரு கடையில் இலை போட்டுச் சாப்பிடுவாராம். அந்தக் கடைக்காரர் மட்டும் இல்லையென்றால் ஊருக்கே ஓடிப்போயிருப்பேன் என்று சொல்வார்” என்றார். முன்னர் தாம் சொன்ன சொல்லை அவர் திரும்ப எடுத்துப் பேசவில்லை. ஆனால் இடம் தேடி நின்ற இரண்டு பெண்களைப் பார்த்ததும், தம் புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டினார். சுட்டிக் காட்டுதலும் கற்பித்தலும் ஒரே சொல் என்பதை நாங்கள் அங்கே நேரிலேயே கண்டோம்.

நேயர்களே, நம் முன்னோர் இந்நாட்டில் பட்ட பாட்டை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். நினைவுகூரவும் வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உழைப்பு தேவைப்பட்டபோது அழைக்கப்பட்டவர்கள், தேவையில்லாதபோது அந்நியர்கள் ஆனார்கள். அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், இன்று அதே நிலையில் இருப்பவரைக் கண்டு முகம் சுளித்தால், நாம் சொன்ன வரலாறு ஏட்டுச் சுரைக்காய்தானே? பழைய துன்பத்தை நினைப்பது நம்மீது நாமே இரக்கப்படுவதற்காக அன்று. இன்னொருவர் துன்பத்தை அடையாளம் கண்டுகொள்வதற்காக.

மறுநாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டு அடுக்களையில் உள்ள பொருள்களில் ஐந்தின் பெயரை எழுதி வரவேண்டும். அவற்றின் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ கேட்டுவர வேண்டும். மலாய், சீன நண்பர்களிடமும் கேட்கலாம். ஒரு சிறுவன் ‘மிளகாய்’ என்று எழுதி, “சார், இது எப்பவும் நம்மளுதுதானே?” என்று கேட்டான். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியரின் கப்பல் வழியே வந்தது, அதற்குமுன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தார்கள் என்று சொன்னபோது வகுப்பே வாய்பிளந்து கேட்டது. ஒரு சிறுமி ‘மல்லாக்கொட்டை’ என்று எழுதியிருந்தாள். அவள் கொள்ளுப்பாட்டி சொன்ன சொல்லாம். அந்தச் சொல் இன்னும் சாகவில்லை என்பதில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி.

நீங்களும் அடுத்த முறை ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழையும்போது, அது யாருடைய கடையாயினும், உணவின் பெயரைக் கேளுங்கள். சமைத்தவரின் ஊரைக் கேளுங்கள். கேட்கும்போது பக்கத்து நாற்காலியில் பையை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பசியோடு யாராவது இடம் தேடி நிற்கக்கூடும்.